தொலைவில் உள்ள தனியார் பள்ளி: குழந்தையின் பயண நேரத்தைக் கணக்கில் கொள்வது எப்படி

சிறு குழந்தைக்குப் பள்ளி தேடும் பெற்றோரில் பலர், முதலில் பள்ளியைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, அங்கே தினமும் போய்வருவது எப்படி என்பதைப் பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையில் யோசிக்கும்போது பயணம் சமாளித்துக்கொள்ளக்கூடிய ஒரு சிறு தொல்லையாகத்தான் தெரியும். "முக்கால் மணி நேரம்தானே, போகப் போகப் பழகிவிடும்" என்று வீட்டில் பேசி முடித்துவிடுவார்கள். பழகிக்கொள்ள வேண்டியவர் நான்கு வயதுக் குழந்தை என்பதும், அந்த முக்கால் மணி நேரம் ஒவ்வொரு பள்ளி நாளிலும் இரண்டு முறை வரும் என்பதும் அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகும்.

வட்டாரத்துப் பொதுப் பள்ளி பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடும். தனியார் பள்ளிக்குப் பெரும்பாலும் அப்படி எல்லை இருப்பதில்லை. கட்டணம் செலுத்தத் தயாராக இருந்தால் தொலைவிலிருந்தும் பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். ஆகவே எல்லையைப் பெற்றோர்தான் வகுக்க வேண்டும், அதையும் பள்ளியைப் பார்க்கப் போவதற்கு முன்பே வகுத்துக்கொள்வது நல்லது. ஏறக்குறைய மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து, அந்த எல்லையை எப்படி நிர்ணயிப்பது, எந்தச் சூழ்நிலையில் அதைத் தாண்டலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை

தொலைவைக் கிலோமீட்டரில் பேசுவதை முதலில் நிறுத்திவிட வேண்டும். குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும் நொடியிலிருந்து வகுப்பறைக்குள் நுழையும் நொடி வரை எத்தனை நிமிடங்கள் என்பதே நமக்கு வேண்டிய அளவு. நிறுத்தத்தில் காத்திருப்பது, வண்டியை நிறுத்த இடம் தேடுவது, வாயிலிலிருந்து வகுப்புக்கு நடப்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். காரில் 20 நிமிடத்தில் போய்விடக்கூடிய பள்ளிக்குப் பள்ளிப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆவது மிகச் சாதாரணம், ஏனென்றால் பேருந்து நேர்வழியில் போவதில்லை. தெருத் தெருவாகச் சுற்றி மற்றக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறது. தடத்தின் கடைசி முனையில் வீடு இருந்தால் காலையில் முதலில் ஏறுவதும் மாலையில் கடைசியாக இறங்குவதும் ஒரே குழந்தையின் தலையில் விழும்.

எனவே பள்ளி அலுவலகத்தில் "பேருந்து எங்கள் பகுதிக்கு வருமா?" என்று கேட்பது போதாது. போக்குவரத்துப் பொறுப்பாளரிடம், எங்கள் நிறுத்தம் தடத்தில் எத்தனையாவது, காலையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், மாலையில் எத்தனை மணிக்கு இறங்கும் என்று நேரத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புதிய சேர்க்கைகளுக்கு ஏற்பத் தடங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், இப்போது அந்தத் தடத்தில் குழந்தையை அனுப்பும் ஒரு பெற்றோரிடம் கடந்த ஆண்டு நேரம் எப்படி இருந்தது என்று விசாரிப்பது இன்னும் பயனுள்ளது.

நீங்களே வண்டியில் கொண்டுபோய் விடுவதாக இருந்தால், பள்ளிகள் இயங்கும் ஒரு வேலை நாளில், பள்ளி தொடங்கும் நேரத்துக்கே போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனபோது ஆன நேரத்தை வைத்து முடிவெடுப்பது வீண். வரைபடச் செயலியில் கிளம்பும் நேரத்தைக் குறிப்பிட்டுப் பார்த்தால் குறைந்த நிமிடம், அதிக நிமிடம் என்று இரண்டு எண்கள் வரும். அவற்றில் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய்ப் பார்க்க முடிந்தால் மிக நல்லது. சராசரியைவிட ஏற்ற இறக்கம் முக்கியம் என்பதே இதற்குக் காரணம். ஒரு வழி எப்போதும் 45 நிமிடம் எடுக்கிறது, இன்னொரு வழி சில நாள் 35 நிமிடமும் சில நாள் 70 நிமிடமும் எடுக்கிறது என்றால், நான் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டாவது வழியில் போகிறவர்கள் தாமதத்துக்கு அஞ்சி எல்லா நாளும் 70 நிமிடம் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருக்கும், அப்படிக் கிளம்பினாலும் காலை முழுக்கப் பதற்றம் தீராது.

அந்த நிமிடங்கள் எதிலிருந்து கழிகின்றன

பயணத்துக்குப் போகும் நேரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பள்ளி நேரம் குறையாது, சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் ஆகும் நேரமும் அவ்வளவாகக் குறையாது. மீதியிருப்பவை தூக்கம், விளையாட்டு, பெற்றோருடன் இருக்கும் நேரம் ஆகிய மூன்றுதான்.

இவற்றில் தூக்கத்துக்குத் தெளிவான அளவு உண்டு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. உடல் இயக்கத்தைப் பொறுத்தவரை, 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் ஓடியாடி இருக்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கான ஆட்டமாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. அதே வழிகாட்டுதல், இந்த வயதுக் குழந்தைகளை அசைய முடியாதபடி இருக்கையில் கட்டிவைக்கும் நேரம் ஒரே மூச்சில் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நீண்ட பள்ளிப் பயணத்தைப் பற்றி யோசிக்கும் பெற்றோர் இந்தக் கடைசி வரியை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு 11 மணி நேரத் தூக்கம் தேவை, பள்ளி காலை 8.30-க்குத் தொடங்கி மாலை 3.00-க்கு முடிகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பயணம் ஒரு வழிக்கு 75 நிமிடம் என்றால் வீட்டை விட்டு 7.15-க்குக் கிளம்ப வேண்டும். எழுந்து, பல் துலக்கி, குளித்து, உடுத்தி, நாலு வாய் சாப்பிட ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்பதால் 6.15-க்கு எழ வேண்டும். அப்படியானால் முந்தைய இரவு 7.15-க்குக் கண் அயர்ந்திருக்க வேண்டும், அதற்கு 6.45-க்கே படுக்கைக்குப் போக வேண்டும். மாலையில் வீடு வந்து சேர்வதோ 4.15-க்கு. ஆக, 4.15-க்கும் 6.45-க்கும் இடையிலுள்ள இரண்டரை மணி நேரத்துக்குள் குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு, பேச்சு எல்லாம் நடந்தாக வேண்டும். பெற்றோர் வேலை முடிந்து 6.30-க்கு வீடு திரும்பினால் குழந்தையை உறங்க வைப்பது மட்டுமே அவர்களுக்கு மிஞ்சும். நடைமுறையில் எந்த வீட்டிலும் 6.45-க்குப் படுக்கை விழாது, 8.30 ஆகும், 9.00 ஆகும், அந்த வித்தியாசம் முழுவதும் தூக்கத்திலிருந்து போகும்.

அதே குழந்தை 20 நிமிடத் தொலைவிலுள்ள பள்ளிக்குப் போனால் 7.10-க்கு எழலாம், 3.20-க்கு வீட்டில் இருக்கலாம், 7.40-க்குப் படுக்கலாம், மாலையில் 4 மணி 20 நிமிடம் கைக்குக் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே நாளொன்றுக்கு 110 நிமிட வேறுபாடு. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று எடுத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 367 மணி நேரம் ஆகிறது. குழந்தை விழித்திருப்பது ஒரு நாளில் 13 மணி நேரம் என்பதால், ஆண்டில் 28 முழுப் பகல்களுக்கு அது சமம். உங்கள் பள்ளி நேரத்தையும் உங்கள் நிமிடங்களையும் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாயால் பேசும்போது சின்னதாகத் தெரிவது தாளில் எழுதினால் அப்படித் தெரியாது.

தூக்கம் குறைந்த சிறு குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது துறுதுறுவென்று அலையும், சிடுசிடுக்கும், சொன்னதைக் கேட்காது. அதனால் தூக்கக் குறைவைக் குறும்பு என்றோ பிடிவாதம் என்றோ தவறாக எடுத்துக்கொள்வது எளிது.

வண்டிக்குள் என்ன நடக்கிறது

எல்லாப் பயண நிமிடங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. அம்மாவோடோ அப்பாவோடோ பேசிக்கொண்டே போகும் 30 நிமிடமும், தாத்தாவின் கையைப் பிடித்துப் பாதி வழி நடந்து போகும் 30 நிமிடமும், நெரிசலான வேனில் பையை மடியில் வைத்துக்கொண்டு இடுங்கி உட்காரும் 30 நிமிடமும் குழந்தைக்கு வெவ்வேறு அனுபவங்கள். நடக்கும் நிமிடங்களை நான் பயணக் கணக்கில் பாதியாகவே சேர்ப்பேன், ஏனெனில் அவற்றில் உடலுக்கு வேலை இருக்கிறது.

பயணக் குமட்டல் 2 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள குழந்தைகளிடமே அதிகம் காணப்படுகிறது. வண்டி ஓடுவதை உட்செவி உணர்கிறது. உயரம் போதாமல் முன் இருக்கையின் முதுகை மட்டுமே பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் வயிறு புரளுகிறது. வெளியே தொலைவில் பார்க்க முடிகிற இருக்கையும், வயிறு முட்டாத லேசான காலை உணவும், புத்தகமும் திரையும் இல்லாத பயணமும் ஓரளவு உதவும். குழந்தையை அமைதியாக வைத்திருக்கத் திரையைக் கையில் கொடுப்பவர்கள், 3, 4 வயதுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நினைவில் கொள்ள வேண்டும். 75 நிமிடப் பயணத்தில் காலையிலேயே அந்த அளவு தீர்ந்துவிடும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை. பெரியவர்களுக்கான சீட் பெல்ட் உடலில் சரியாகப் பொருந்த ஏறக்குறைய 145 செ.மீ. உயரம் வேண்டும்; அதுவரை காரில் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற சிறார் இருக்கை தேவை, இடம் எப்போதும் பின்பக்கம்தான். பேருந்து அல்லது வேன் என்றால் சில கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்தாக வேண்டும்: ஓட்டுநரைத் தவிரப் பொறுப்பான உதவியாளர் ஒருவர் கூடவே வருகிறாரா, ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை உண்டா, வழியில் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் என்ன செய்வார்கள், நிறுத்தத்தில் பெற்றோர் வராவிட்டால் குழந்தையை யாரிடம் விடுவார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு ஒருவர் பின்வரிசை வரை நடந்து சென்று ஒவ்வொரு இருக்கையையும் பார்க்கிறாரா என்பது. நீண்ட பயணத்தில் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் வெப்பம் 10 நிமிடங்களில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். இந்தக் கேள்விக்குத் தயங்கும் பள்ளிக்கு நான் குழந்தையை வண்டியில் அனுப்ப மாட்டேன்.

முடிந்தால் ஒரு மாலை அந்தப் பள்ளியின் பேருந்து வந்து நிற்கும் நிறுத்தத்தில் நின்று, இறங்கும் குழந்தைகளைப் பாருங்கள். தடத்தின் தொடக்கத்தில் இறங்குகிறவர்கள் படியிலிருந்தே ஏதாவது கத்திக்கொண்டு குதிப்பார்கள். கடைசி நிறுத்தங்களில் இறங்கும் சிறுவர்களிடம் பை ஒரு தோளில் நழுவியிருக்கும், கன்னத்தில் சன்னல் ரப்பரின் வரி பதிந்திருக்கும், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் பதில் வராது, ஷூ நாடா அவிழ்ந்ததற்குக்கூட அழுகை வெடிக்கும். பள்ளியில் நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்த களைப்பைக் குழந்தை தன் மனிதர்களைக் கண்டதும் இறக்கிவைக்கிறது. இது எல்லாக் குழந்தைகளிடமும் ஓரளவு உண்டு. ஆனால் அதன் பிறகு ஆறுதல் அடைந்து விளையாடப் போக நேரம் இருக்கிறதா, இல்லையா என்பதைப் பயணத் தொலைவுதான் தீர்மானிக்கிறது.

பெற்றோரின் பங்கு

கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு ஒரு நாளில் நான்கு நடை உண்டு. ஒரு வழிக்கு 45 நிமிடம் என்றால் 3 மணி நேரம் சாலையிலேயே போகிறது. டேனியல் கானமன், ஆலன் குரூகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு செயலின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போய்வரும் பயணம்தான் மகிழ்ச்சியான உணர்வில் கடைசி இடத்தைப் பெற்றது. பள்ளிப் பயணம் இதிலிருந்து பெரிதாக மாறுபடும் என்று எண்ண எனக்குக் காரணம் தெரியவில்லை. எரிச்சலுடன் ஓட்டுகிறவரின் பின்னால் உட்கார்ந்துதான் குழந்தை பள்ளிக்குப் போகிறது.

பள்ளியிலிருந்து "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள்" என்று அழைப்பு வந்தால் யார், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதற்கும் பெயரும் நிமிடமும் வேண்டும். மழலையர் வகுப்பில் இத்தகைய அழைப்புகள் அரிதானவை அல்ல. ஓட்டுகிறவர் நோயுற்றால் அடுத்தவர் யார் என்பதும் இதில் சேரும். இன்னொன்று, தோழமை. தொலைவுப் பள்ளியின் நண்பர்கள் நகரத்தின் மறுமுனைகளில் இருப்பார்கள். மாலையில் கதவைத் தட்டிக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள். அந்தக் குழந்தைக்குத் தெருவிலோ குடியிருப்பிலோ வேறு கூட்டாளிகள் இருந்தால் இது பெரிய இழப்பில்லை, இல்லாவிட்டால் பெரிது.

பண விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம்: பேருந்துக் கட்டணம், எரிபொருள், வண்டிப் பராமரிப்பு, ஒருவர் வேலை நேரத்தைக் குறைக்க நேர்ந்தால் அந்த வருமான இழப்பு ஆகியவற்றைக் கல்விக் கட்டணத்தோடு கூட்டி, அந்த மொத்தத்தையே பள்ளியின் கட்டணமாகக் கருதி ஒப்பிட வேண்டும். சில வேளைகளில் பள்ளிக்கு அருகில் வீடு மாறினால் கூடும் வாடகை இந்தத் தொகையைவிடக் குறைவாக இருக்கும்.

எவ்வளவு வரை போகலாம்

ஆறு வயதுக்குக் கீழ் ஒரு வழிக்கு 30 நிமிடம், ஆறிலிருந்து எட்டு வயது வரை 45 நிமிடம் என்பது என் எல்லை. இது மேலே எழுதிய கணக்குகளிலிருந்து நான் வந்தடைந்த முடிவு. குழந்தைக்குக் குழந்தை சற்று முன்பின் ஆகலாம். அரைநாள் மழலையர் வகுப்புக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். மூன்று மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் பயணம் செய்வதில் பொருளே இல்லை. போகவர ஆகும் மொத்த நேரம் வகுப்பு நேரத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இந்த எல்லையைத் தாண்டத் தகுந்த காரணங்கள் உண்டு. செவித்திறன் குறைபாடோ கற்றல் சிரமமோ உள்ள குழந்தைக்குத் தேவையான சிறப்பாசிரியர் அங்கு மட்டும் இருப்பது, குடும்பம் விரும்பும் பயிற்றுமொழி வேறெங்கும் கிடைக்காதது, பெற்றோரில் ஒருவரின் பணியிடம் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்து அவரும் குழந்தையும் சேர்ந்தே போய்வர முடிவது, அக்காவோ அண்ணனோ அங்கேயே படிப்பது, ஓராண்டுக்குள் அந்தப் பகுதிக்கு வீடு மாறப்போவது ஆகியவை அப்படிப்பட்டவை. பெரிய கட்டடம், நீச்சல்குளம், மேல்வகுப்பு மாணவர்களின் தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றை நான் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஐந்து வயதுக் குழந்தையின் நாளை நிர்ணயிப்பவர் வகுப்பு ஆசிரியர். அவருடைய பொறுமை, வகுப்பில் எத்தனை குழந்தைகள், எவ்வளவு நேரம் வெளியே விளையாட விடுகிறார்கள், ஆசிரியர்கள் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருக்கிறார்களா என்பவை அதற்கு அடுத்தவை. இவை அருகிலுள்ள எளிய பள்ளியிலும் கிடைக்கக்கூடும்.

தொலைவுப் பள்ளியில் உங்களைக் கவர்ந்தவை எவை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் என் குழந்தை இதைப் பயன்படுத்துமா? அருகிலுள்ள பள்ளியில் இது உண்மையிலேயே இல்லையா? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிய, அருகிலுள்ள பள்ளிக்கும் அதே கவனத்தோடு நேரில் போக வேண்டும். தொலைவுப் பள்ளியை அதன் சிறந்த நாளில் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளியை யாரோ சொன்ன ஒரு வார்த்தையை வைத்துத் தள்ளிவிடுவது நியாயமான ஒப்பீடு ஆகாது.

"இப்போது சேர்க்காவிட்டால் பிறகு இடமே கிடைக்காது" என்ற அச்சம் பல முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அச்சத்தை வைத்து முடிவெடுக்காமல் சேர்க்கை அலுவலகத்திலேயே கேளுங்கள்: எந்தெந்த வகுப்புகளில் புதிதாகச் சேர்க்கிறீர்கள், கடந்த ஆண்டு அந்த வகுப்புகளில் எத்தனை இடங்கள் காலியாயின? எட்டு அல்லது ஒன்பது வயதில் சேர வழி இருக்கிறது என்றால், முதல் சில ஆண்டுகளை அருகிலுள்ள பள்ளியில் கழித்துவிட்டு அப்போது மாறலாம். நண்பர்களை விட்டுப் பிரியும் வருத்தம் அந்த மாற்றத்தில் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்பது வயதுக் குழந்தை பயணத்தைத் தாங்கும் விதமே வேறு.

தொலைவுப் பள்ளியே என்று முடிவானால்

கட்டணம் செலுத்துவதற்கு முன், குழந்தையையும் அழைத்துக்கொண்டு அடுத்தடுத்த சில வேலை நாட்களில் அதே நேரத்துக்கு எழுந்து, அதே வழியில் போய்த் திரும்புங்கள். ஆண்டின் நடுவில் விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், வைப்புத்தொகை திரும்புமா, பேருந்துச் சேவையை மட்டும் நிறுத்திக்கொள்ள முடியுமா என்பதை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும்.

பயணத்தைக் குறைக்கச் சிறு வழிகள் உண்டு. முதல் நிறுத்தத்தில் ஏறுவதற்குப் பதிலாகச் சில நிமிடம் நடந்து, பேருந்து சுற்றிவிட்டு வந்து சேரும் அடுத்த நிறுத்தத்தில் ஏற்றினால், உட்கார்ந்திருக்கும் நேரம் கணிசமாகக் குறையக்கூடும். காரில் அழைத்து வருகிறவர்கள் பள்ளி விட்டதும் உடனே கிளம்பாமல், பள்ளித் திடலிலோ பக்கத்துப் பூங்காவிலோ அரை மணி நேரம் ஓடவிட்டுக் கிளம்பலாம். வாயிலில் உள்ள நெரிசலும் அதற்குள் குறைந்திருக்கும். அதே வழியில் போகும் குடும்பத்தோடு முறைவைத்துக்கொண்டால் ஓட்டும் நாட்கள் பாதியாகும், குழந்தைக்கும் ஒரு துணை கிடைக்கும். வார நாட்களில் பாட்டு, நடனம், நீச்சல் என்று வேறு எந்த வகுப்பும் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருப்பேன்.

பள்ளி தொடங்கி ஆறேழு வாரங்கள் ஆனதும் நிலைமையைப் பாருங்கள். தினமும் உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருக்கிறதா, விடுமுறை நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்குகிறதா, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வருகிறதா, போகும்போதும் வரும்போதும் வண்டியிலேயே தூங்கிவிடுகிறதா, மாலையில் விளையாட மனமில்லாமல் கிடக்கிறதா என்று கவனியுங்கள். முதல் பாடவேளையில் குழந்தை எப்படி இருக்கிறது என்று வகுப்பு ஆசிரியரிடமும் கேளுங்கள், ஏனென்றால் பயணத்தின் விளைவு நேராகத் தெரியும் நேரம் அதுதான். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் முதலில் படுக்கை நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, நிறுத்தத்தை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அடுத்த பருவம் வரையிலும் மாறவில்லை என்றால், அருகிலுள்ள பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை அந்த ஆண்டுக்கான கடைசித் தேதிக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.